கப்பலுக்கு அப்பன் பேரு என்ன?

எங்க வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடக்கிறது. துருப்பிடித்த தகரப் பெட்டி. மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்டால், ஆங்கில எழுத்தில், என் பூட்டன் பேரும் அதற்குக் கீழே எஸ்.எஸ். ரஜூலா என்றும் எழுதியிருக்கும். பூட்டனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாகப்பட்டினத்தில் யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது. அப்பாயி அதை 'ரசூலாக் கப்பலு' என்றுதான் சொல்லும். கரையிலிருந்து படகில் ஏற்றி, நடுக்கடலில் நின்ற கப்பலுக்கு வெங்காய மூட்டையோடு மூட்டையாக ஆளையும் கொண்டுபோய் ஏற்றியதை, தான் பார்த்ததைப்போலவே சொல்லும். பார்த்தது அதன் மாமனார். சொன்னது அது.

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஆங்கில எழுத்து கூட்டத் தெரிந்த திமிரில் பெட்டியை வாசித்துவிட்டு அப்பாயிடம் கேட்டேன்: "ஏன் அப்பாயி, கப்பலுக்கு எதுக்கு இனிஷியலு? அதோட அப்பன் பேரு என்னா?" அப்பாயிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அதுக்கு அப்பன் வெள்ளக்காரன்டா. அவன் பேரச் சொன்னா நம்ம வாயில நுழையாது" என்றது.

நான் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்க வகுப்பில் மூன்று முருகேசன். வருகைப் பதிவேட்டில் மூன்று பேருக்கும் இனிஷியல் இருந்தது. வாத்தியார் கூப்பிடும்போது ஊர்ப்பையன்கள் இரண்டு பேரையும் இனிஷியலோடு கூப்பிடுவார். மூன்றாவது முருகேசன் எங்க தெருப் பையன். அவனை மட்டும் 'காலனி முருகேசன்' என்பார். அவனுக்கும் அப்பன் இருந்தான், அப்பனுக்கும் பேர் இருந்தது, அந்தப் பேருக்கு ஒரு முதல் எழுத்தும் இருந்தது. ஆனாலும் அவன் பேருக்கு முன்னால் தெருதான் வந்து நின்றது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எனக்கு அந்த முருகேசன் ஞாபகம்தான் வந்தது. ஆவணத்தில் அவன் சரியாகத்தான் இருந்தான். வாயில்தான் காலனியாக இருந்தான்.

ஆக, பேருக்கு முன்னால் நிற்கிற எழுத்து என்ன வேலை செய்கிறது என்கிற கேள்வி எனக்குச் சின்ன வயசிலேயே வந்துவிட்டது. தமிழ் எம்.ஏ. படித்தபோது இலக்கணம் அதற்கு ஒரு பாதிப் பதில் சொன்னது. மீதியைக் கப்பல்களிடம்தான் தேட வேண்டியிருந்தது.

முதலில் கப்பல் எழுத்துகளைப் பார்த்துவிடுவோம். எஸ்.எஸ். என்றால் ஸ்டீம்ஷிப், நீராவிக் கப்பல். ஆரம்பத்தில் 'ஸ்க்ரூ ஸ்டீமர்' என்பதற்கும் இதே இரண்டு எழுத்துதான். தண்ணீருக்கு அடியில், பின்பக்கம், திருகுபோலச் சுழலும் விசிறியால் ஓடுகிற கப்பல் என்று பொருள். பக்கவாட்டில் பெரிய சக்கரத்தை வைத்துத் தண்ணீரை அறைந்துகொண்டு போனது பி.எஸ்., அதாவது பேடில் ஸ்டீமர். இரட்டை விசிறி வைத்தது டி.எஸ்.எஸ். டீசல் எஞ்சின் வந்தபிறகு எம்.வி., மோட்டார் வெஸல். நாகப்பட்டினத்துக்காரர்கள் மறக்காத எம்.வி. சிதம்பரம் இந்த வகை. 1985இல் தீப்பிடித்து எரிந்ததே, அதுதான்.

நன்னூலில் அடைமொழி இரண்டு வகை என்று படிக்கிறோம். செந்தாமரை என்றால் 'செம்மை' என்ற அடைக்கு வேலை இருக்கிறது, ஏனென்றால் வெண்தாமரை என்று இன்னொன்று உண்டு. இது இனமுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் வெள்ளை ஞாயிறு, பச்சை ஞாயிறு என்று வேறு கிடையாது. இது இனமில்லா அடை. இனம் பிரித்துக் காட்டாத அடையைச் செய்யுளில் வைத்துக்கொள், பேச்சு வழக்குக்கு அது ஆகாது என்று தொல்காப்பியர் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார். எஸ்.எஸ். பிறந்தபோது அது இனமுள்ள அடை. கடல் முழுக்கப் பாய்மரம் நின்ற காலத்தில் 'இது வேற சாமி' என்று சொல்ல அது தேவைப்பட்டது. பிறகு எல்லாக் கப்பலும் நீராவி ஆனது. அடை மட்டும் நின்றது, செஞ்ஞாயிறு மாதிரி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாய்மரக் கப்பல் ஓடிய ஆயிரக்கணக்கான வருசத்தில் எவனும் அதைப் 'பாய்மரக் கப்பல்' என்று தனியாக அடைபோட்டு எழுத வேண்டியிருக்கவில்லை. அது வெறும் கப்பல். அதுதான் கப்பல். புதுசாக வந்தவன்தான் தன் நெற்றியில் அடையாளம் எழுதிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பலம் உள்ளவன் வெறும் பெயரோடு திரிவான், மற்றவனுக்குத்தான் அடைமொழி. வெறும் 'எழுத்தாளர்' என்று ஒரு கூட்டம் இருக்கிறது, 'தலித் எழுத்தாளர்' என்று நாங்கள் இருக்கிறோம். யாரையாவது 'முதலியார் எழுத்தாளர்', 'அய்யர் எழுத்தாளர்' என்று மேடையில் அறிமுகப்படுத்திக் கேட்டிருக்கிறீர்களா? பாய்மரம் அது. காற்று அவர்கள் பக்கம் வீசுகிறவரைக்கும் அடைமொழி தேவைப்படாது.

அப்படியானால் இந்த அடையை நாங்கள் சுமக்க வேண்டுமா, தூக்கி எறிய வேண்டுமா? எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து கிடையாது. 'நான் எழுத்தாளன், அவ்வளவுதான், முன்னால் எதையும் ஒட்டாதே' என்று சொல்லும் தோழர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் பயந்து சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எல்லா முன்னெழுத்தையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். கப்பல்காரன் அப்படி வைக்கவில்லை.

எஸ்.எஸ். என்ன சொல்கிறது? நான் எதனால் ஓடுகிறேன் என்று சொல்கிறது. யார் பெற்றது, யார் வாங்கியது, எந்த ஊர்க்காரன் என்றெல்லாம் அது சொல்வதில்லை. என் வயிற்றுக்குள் நெருப்பு எரிகிறது, காற்றை எதிர்பார்த்து நான் நிற்கவில்லை என்று சொல்கிறது. 1819இல் சவானா என்ற அமெரிக்கக் கப்பல் லிவர்பூலுக்கு அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. நீராவி எஞ்சின் வைத்து அந்தக் கடலைத் தாண்டிய முதல் கப்பல் அது. உண்மையில் பெரும்பகுதி தூரம் பாய் விரித்துத்தான் போனது. 29 நாள் பயணத்தில் எஞ்சின் ஓடியது ஏறத்தாழ 80 மணி நேரம்தான். அதில் ஏறுவதற்கு ஒரு பயணிகூடத் துணியவில்லை. அயர்லாந்துக் கரையில் அதன் புகையைப் பார்த்தவர்கள் கப்பல் தீப்பிடித்து எரிகிறது என்று காப்பாற்ற ஒரு படகை அனுப்பினார்கள். அந்தப் படகால் இதை எட்டிப் பிடிக்க முடியவில்லை. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். நம்ம ஆள் ஒருத்தன் கோபமாகப் பேச ஆரம்பித்தால் 'பாவம், எரியிறான், தண்ணி ஊத்துங்க' என்று ஓடி வருவார்களே, அந்த முற்போக்கு நண்பர்கள் ஞாபகம் வரும்.

இதற்கு நேர் எதிரானவை உடைமையைச் சொல்லும் எழுத்துகள். ஹெச்.எம்.எஸ். என்றால் மேன்மை தங்கிய மன்னரின் கப்பல். அது காற்றில் ஓடுகிறதா, கரியில் ஓடுகிறதா, அணுவில் ஓடுகிறதா என்பது அந்த எழுத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. யாருடையது என்பதுதான் பேச்சு. ஆர்.எம்.எஸ். என்றால் அரச அஞ்சலைச் சுமக்கும் கப்பல். டைட்டானிக்கை ஆர்.எம்.எஸ். டைட்டானிக் என்கிறோமே, அதில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஆள் இருந்தார்கள். ஆனால் அந்த எழுத்தை அதற்கு வாங்கிக் கொடுத்தது ஆள் இல்லை, கடுதாசி மூட்டை. 1912இல் அது முழுகும்போது அந்த மூட்டைகளைத் தண்ணீரிலிருந்து மேலே இழுத்துக்கொண்டிருந்த ஐந்து அஞ்சல் ஊழியர்களும் செத்துப்போனார்கள். கப்பலின் எஞ்சினியர்கள் ஒருவர்கூடக் கரை சேரவில்லை. அஞ்சல் ஒப்பந்தம் போனால் ஆர்.எம்.எஸ். எழுத்தும் போய்விடும். அப்பேர்ப்பட்ட மரியாதை அது.

ரஜூலாவுக்கு வருகிறேன். அது 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. கட்டிய காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம். டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது, மேல்தளத்தில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். அந்தக் கம்பெனி தன் கப்பல்களுக்கு 'ஆ' என்று முடியும் இந்திய ஊர்ப் பெயர்களாகப் பார்த்து வைத்தது. ரஜூலா என்பது குஜராத்தில் ஒரு ஊர். எங்க பூட்டனுக்கு அது தெரியாது. அவர் அது ஒரு பொம்பளையின் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தார் என்று அப்பாயி சொல்லும்.

அதனோடு சேர்ந்து அதே 1926இல் கட்டிய இன்னொரு கப்பல் ரோனா. அதுவும் எஸ்.எஸ். தான். உலகப்போர் வந்ததும் அதைப் படை ஏற்றும் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். உடனே ஹெச்.எம்.டி. ரோனா. அதே தகடு, அதே கொதிகலன், கீழே கரி அள்ளிப் போட்ட அதே இந்தியக் கூலிகள். எழுத்து மட்டும் மாறிற்று. 1943 நவம்பர் 26ஆம் தேதி அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஒரு ஜெர்மன் விமானம் ஏவிய வழிநடத்து குண்டு அதைத் தாக்கியது. 1,015 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். அமெரிக்க அரசு அதைப் பல வருசம் வெளியே சொல்லாமல் மறைத்து வைத்தது. பிறகு அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுந்தது, புத்தகங்கள் வந்தன. கப்பல் சிப்பந்திகளிலும் நூற்றுக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அந்தச் செய்தியைப் பேசுகிறவர்கள் 1,015 என்றுதான் முதலில் சொல்கிறார்கள், பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு 'மற்றும் சிப்பந்திகள்' என்கிறார்கள். 'மற்றும்' என்பதும் ஒரு முன்னொட்டுத்தான். எங்களுக்கு ரொம்பக் காலமாகப் பழக்கம்.

இந்தச் சிப்பந்திகளை லாஸ்கர் என்றார்கள். எங்க டெல்டாப் பக்கம் பொதுப்பணித் துறையில் வாய்க்கால் மதகு திறக்கிற ஆளை லஸ்கர் என்போம், அதே சொல். நீராவிக் கப்பல் கம்பெனிகள் இவர்களை வெள்ளைக்கார மாலுமி வாங்கும் சம்பளத்தில் ஒரு துண்டுக்கு வைத்திருந்தன. 1894ஆம் வருச வணிகக் கப்பல் சட்டத்தில் ஒரு மாலுமிக்குப் படுக்க 72 கன அடி இடம். லாஸ்கருக்கு 36 கன அடி. 1906இல் வெள்ளை மாலுமிக்கு 120 ஆக உயர்த்தினார்கள். லாஸ்கரை அந்த உயர்வில் சேர்க்கவில்லை. ஒரு ஆளின் உடம்பு எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பதைக்கூட அவன் பேருக்கு முன்னால் நிற்கும் சொல்தான் முடிவு செய்கிறது. சேரிக்கு எத்தனை சென்ட், ஊருக்கு எத்தனை சென்ட் என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கொதிகலன் அறையில் நின்றவனை ஆக்வாலா என்றார்கள், நெருப்புக்காரன். செங்கடல் பக்கம் போகும்போது அந்த அறைக்குள் உயிர் போகிற சூடு. சுருண்டு விழுந்து செத்தவர்கள் உண்டு. புத்தி பேதலித்து மேலே ஓடி வந்து கடலில் குதித்தவர்கள் உண்டு. இவர்களை ஏன் அங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டபோது கம்பெனிக்காரன் சொன்ன பதிலைக் கேளுங்கள்: இவர்கள் வெப்ப நாட்டுக்காரர்கள், இவர்கள் உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளும். வெயில்காட்டில் பிறந்தவன் உலையில் வேகலாம் என்கிற இந்தத் தத்துவத்தை அவன் லண்டனிலிருந்து கொண்டு வந்தானா, இங்கே வந்து கற்றுக்கொண்டானா? இந்த வேலைக்கென்றே பிறந்தவன், இந்த நாற்றம் இவனுக்குப் பழகிவிட்டது, இவன் தோல் வேறு தோல். நம்ம ஊர் ஆண்டைக்கும் கப்பல் கம்பெனிக்கும் பேச உரைபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது. தளத்துக்கு ஒரு ஊர்க்காரன், எஞ்சினுக்கு ஒரு கூட்டத்தான், சாப்பாட்டு அறைக்கு ஒரு கூட்டத்தான் என்று பிரித்துத்தான் ஆள் எடுத்தார்கள். அவர்களுக்குள்ளே சாரங்கு, தண்டல், கலாசி என்று படிநிலை. தண்டல் நம்ம சொல். இன்றைக்கும் கடலோரத்தில் படகு நடத்துகிறவரை அப்படிச் சொல்கிறார்கள்.

எல்லாப் படிக்கும் கீழே ஒருத்தன் இருந்தான். டோபாஸ். கப்பலின் கக்கூசைக் கழுவுகிறவன்.

இந்தச் சொல்லின் வரலாறு விசித்திரமானது. போர்த்துக்கீசியர் காலத்தில் அது தொப்பி போட்ட கலப்பினக் கிறிஸ்தவர்களைக் குறித்தது. தொப்பியிலிருந்து வந்தது என்பார்கள். துபாஷியிலிருந்து, அதாவது இரண்டு மொழி பேசுகிறவன் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். எப்படியோ, சிப்பாயாக, மொழிபெயர்ப்பாளனாக இருந்த சொல் நீராவிக் கப்பலில் ஏறி, இருநூறு வருசத்தில் கக்கூசுக்குள் இறங்கிவிட்டது. இறங்கியபிறகு வெளியே வரவில்லை. அந்த வேலைக்கு யாரை எடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பேசினார்கள். 1888இல் லண்டன் புறப்பட்ட காந்தியை அவருடைய சாதிக்காரர்களே தள்ளி வைத்தார்கள். போகிற சாதி அவர்களுடையது. துடைப்பக்காரனின் சாதி கடலிலும் கூடவே நீந்தி வரும், உப்புத் தண்ணீரில் கரையாது.

1946க்கு வருவோம். பம்பாயில் ஹெச்.எம்.ஐ.எஸ். தல்வார். மேன்மை தங்கிய மன்னரின் இந்தியக் கப்பல் என்று விரிவு. பெயர்தான் கப்பல். அது கரையில் நின்ற ஒரு கட்டடம், தகவல் தொடர்புப் பயிற்சிப் பள்ளி. கடற்படைக்காரன் தன் கட்டடத்துக்கும் கப்பல் எழுத்துப் போடுவான். இன்றைக்கும் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது, திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது. இரண்டும் தரையில்தான் நிற்கின்றன. முன்னெழுத்துக்கு உண்மை தேவையில்லை, உத்தரவு போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தல்வாரில் சோறு புழுத்துப் போயிருந்தது. அதிகாரி மாலுமிகளைக் 'கூலிக்குப் பிறந்தவன்களே' என்று திட்டினான். பிப்ரவரி 18ஆம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. 78 கப்பல்கள், 20 கரைநிலையங்கள், 20,000 மாலுமிகள் என்று பரவியது. கலகக்காரர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று பேரை மாற்றியது. ராயல் இந்தியக் கடற்படை என்பதை இந்தியத் தேசியக் கடற்படை என்றார்கள். 'ராயல்' போயிற்று. காங்கிரசும் லீக்கும் கைவிட்டதால் ஐந்தாறு நாளில் கலகம் அடங்கியது. 1950 ஜனவரி 26ஆம் தேதி ஹெச்.எம்.ஐ.எஸ். எல்லாம் சட்டப்படி ஐ.என்.எஸ். ஆனது.

எல்லாம் மாறிற்று. டோபாஸ் மாறவில்லை. குடியரசின் கடற்படையிலும் டோபாஸ் என்கிற பணிப்பெயர் அப்படியே தொடர்ந்தது. பிற்பாடு ஹைஜீனிஸ்ட் என்று மாற்றினார்கள். தோட்டி என்றார்கள், துப்புரவுப் பணியாளர் என்றார்கள், தூய்மைப் பணியாளர் என்றார்கள். அதே படிக்கட்டுத்தான்.

சுதேசிக் கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வ.உ.சி. 1906இல் கம்பெனி தொடங்கி எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கினார். அந்த மனிதர் செக்கிழுத்ததை நான் சின்னதாக்கவில்லை. கோரல் ஆலைத் தொழிலாளிகளோடு தெருவில் நின்றவர் அவர். ஆனால் நம்ம பாடப்புத்தகத்தில் அந்தக் கப்பலின் கொடி இருக்கிறது, கம்பெனிப் பங்கு இருக்கிறது, கட்டணப் போட்டி இருக்கிறது. கரிக்குழியில் நின்றவன் இல்லை. சுதேசி என்ற அடை கப்பலின் மேல்தளம் வரைக்கும்தான் இறங்கியது.

இப்போது நான் ஒதுக்கி வைத்திருந்த கேள்விக்குப் போகிறேன். எஸ்.எஸ். நல்லது, ஹெச்.எம்.எஸ். கெட்டது என்று நான் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, தலித் என்ற அடை எஸ்.எஸ். வகை, எது எங்களை ஓட்டுகிறதோ அதைச் சொல்லும் அடை, ஆகவே பெருமையாகச் சுமப்போம் என்று முடித்துவிடலாம். சில வருசம் மேடையில் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். கைதட்டல் வரும். என்னை நிறுத்தியது இன்னொரு கப்பல்.

கிரேட் பிரிட்டன் என்ற கப்பல் 1843இல் பிரிஸ்டல் நகரத்தில் கடலில் இறங்கியது. புருனெல் என்ற பொறியாளர் வடிவமைத்தது. இரும்பு உடம்பும் திருகு விசிறியும் சேர்ந்து அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் கப்பல் அதுதான், 1845இல். எஸ்.எஸ். என்ற எழுத்துக்கு அதைவிடத் தகுதியான ஒன்று கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு ஆயிரக்கணக்கில் குடியேறிகளைக் கொண்டு போனது. 1882இல் என்ன செய்தார்கள் தெரியுமா? எஞ்சினைப் பிடுங்கிவிட்டு வெறும் பாய்மரக் கப்பலாக்கினார்கள். கரி ஏற்றி ஓட்டினார்கள், தனக்கு எரிக்க இல்லை, சரக்காக. புயலில் அடிபட்டு ஃபாக்லாந்துத் தீவில் ஒதுங்கி, சரக்குக் கிடங்காகப் பல வருசம் மிதந்தது. 1937இல் ஓட்டை போட்டு ஆழமில்லாத தண்ணீரில் உட்கார வைத்துவிட்டார்கள். 1970இல் மிதக்கவிட்டுக் கட்டி இழுத்து வந்து, அது பிறந்த அதே பிரிஸ்டல் துறையில் நிறுத்திக் காட்சிப் பொருளாக்கியிருக்கிறார்கள். வாசலில் எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்று எழுதியிருக்கிறது.

தத்துவம் படித்தவர்கள் ஏதென்ஸ் நகரத்துத் தீசியஸின் கப்பலைப் பற்றிப் பேசுவார்கள். பலகை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால் அது பழைய கப்பல்தானா என்று. பலகையை மாற்றிய தச்சன் யார், கூலி கொடுத்தார்களா என்று அவர்கள் கேட்பதில்லை, அது கிடக்கட்டும். என் கேள்வி வேறு. பலகை எல்லாம் அப்படியே இருக்கிறது. எஞ்சின் போய்விட்டது. எழுத்து இருக்கிறது. 88 வருசம் அதற்குள் நெருப்பு இல்லை, ஆனாலும் நீராவிக் கப்பல். அந்த எழுத்து அப்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தது?

தலித் என்ற அடையோடு பல்கலைக்கழகக் கருத்தரங்குக்குப் போகிறோம். தலித் சிறப்பிதழ், தலித் அமர்வு, தலித் இருக்கை. சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வருகிற நேரத்தில் நமக்கு ஒரு மணி நேரம். எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் எழுத்தை மாட்டியிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வரத் தொடங்கிவிட்டது. அவர்கள் மேல் மட்டும் இல்லை, என் மேலேயும்தான். நான் எழுதி வாங்கின பொன்னாடைகள் ஏழெட்டு வீட்டில் மடித்துக் கிடக்கின்றன. ஓடாத கப்பலுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள்.

எதிர்த்திசையிலும் பாருங்கள். எஞ்சின் எவ்வளவு வலுவாக இருந்தாலும் எழுத்தை வாசிக்கிறவன் வாசிக்க மாட்டேன் என்றால்? 1917இல் அம்பேத்கர் லண்டனிலிருந்து திரும்பினார். அவருடைய புத்தகங்களையும் சாமான்களையும் ஏற்றி வந்த நீராவிக் கப்பல் குண்டடி பட்டு முழுகியது. அவர் கொலம்பியாவில் எம்.ஏ. முடித்தவர், பேருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள எழுத்து இருந்தது. பரோடாவில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் வேறு பேர் சொல்லித் தங்கினார், தடிக்கம்போடு வந்து வெளியேற்றினார்கள். அலுவலகத்தில் பியூன் கோப்பைத் தூக்கி எறிந்தான். எந்த எழுத்தை முதலில் வாசிக்க வேண்டும் என்பதை அந்தப் பியூன் முடிவு செய்தான். நம்ம இனிஷியலை வாசிக்காமல் காலனியை வாசித்த வாத்தியாரும் அப்படித்தான்.

1929 செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னால் போடுவதில்லை என்று தீர்மானித்தார்கள். நல்ல காரியம். வேறு மாநிலத்துக்காரர்கள் இந்த அளவுக்கு அதைச் செய்யவில்லை. வால் அறுந்தது. வாலை அறுத்தவர்களுக்குத் தலைப்பக்கம் அப்பன் பேரும் ஊர்ப்பேரும் மிச்சம் இருந்தன, அதில் ஒரு கௌரவம் இருந்தது. எங்களுக்கு அறுக்க வால் கிடையாது. தலையில் மாட்டிய தெருப்பேர்தான் இருந்தது. அதனால்தான் அடைமொழி வேண்டாம் என்று அவர்கள் சொல்வதும் நாங்கள் சொல்வதும் ஒன்று ஆகாது. இதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் மாற்றிக்கொள்கிறேன். துப்புரவுத் தொழிலாளிகள் கூடும் இடத்தில் அந்த அடை இல்லாமல் பேச எனக்கு வெட்கமாக இருக்கும். பொன்னாடைக் கூட்டத்தில் அதோடு நிற்க வெட்கமாக இருக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்க பக்கத்து ஊரில் ஒப்பந்தத் துப்புரவுப் பெண்கள் சிலரோடு இரண்டு வருசமாக வேலை செய்கிறேன். வருகைப் பட்டியலில் அவர்கள் பேர் வெறும் முனியம்மா, லெட்சுமி, அஞ்சலை. இனிஷியல் கிடையாது. அஞ்சலை இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தர் 'குப்பை வண்டி அஞ்சலை'. மேற்பார்வையாளர் பேருக்கு முன்னால் மட்டும் 'திரு' இருக்கிறது. ஆதாரில் இனிஷியல் இருக்கிறது, பட்டியலில் இல்லை, வைப்புநிதிக் கணக்கில் மூன்றாவதாக வேறு எதுவோ இருக்கிறது. பேர் பொருந்தவில்லை என்று பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். குப்பை வண்டி அஞ்சலைக்கு மகள் கல்யாணத்துக்குக் கேட்ட பணம் வரவில்லை. வட்டிக்கு வாங்கித்தான் முடித்தார். ஒரு எழுத்து, அதுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

மனு எழுதினோம். ஒவ்வொருவர் அப்பன் பேரையும் கேட்டு, முதல் எழுத்தைப் போட்டு, முன்னால் 'திருமதி' சேர்த்து, பதினாறு பேர் பட்டியலாகக் கொடுத்தோம். முனியம்மாவுக்கு அப்பன் பேர் தெரியவில்லை, அம்மா பேரின் எழுத்தைப் போட்டுக்கொண்டார். அம்மா பேரையும் இனிஷியலாகப் போடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்று நான் சொன்னதும் அவர் அப்பாயி மாதிரியே சிரித்தார்.

பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டவர் "கம்ப்யூட்டர்ல ஏத்தணும், அடுத்த மாசம் பாப்போம்" என்றார். போன மாசமும் அதையேதான் சொன்னார். வருகிற திங்கட்கிழமை பதினாறு பேரும் நேரில் போகிறோம்.